கவுண்டி மகளிர் கூட்டமைப்பு பத்து வருஷத்தில் என்ன செய்தது? 1939 முதல் 1948 வரை

கேள்வி இது: "இங்கிலாந்தில் கவுண்டிக்குக் கவுண்டி விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறதாமே. ஜாம் காய்ச்சுவது, ஜெருசலேம் பாட்டுப் பாடுவது தவிர, அப்படி ஓர் அமைப்பு பத்து வருஷத்தில் என்னதான் செய்திருக்கும்?"

எந்தப் பத்து வருஷம் என்பதைப் பொறுத்தது. நான் 1939 முதல் 1948 வரை எடுத்துக்கொள்கிறேன். கூட்டம், கண்காட்சி, தையல் போட்டி என்று ஓடிக்கொண்டிருந்த ஓர் ஏற்பாடு எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அந்த வருஷங்களில்தான் தெரிந்தது. ஜாமையும் விட்டுவிட மாட்டேன். அதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டி என்பது கிரிக்கெட்டால் நமக்குப் பழக்கமான அதே கவுண்டிதான், ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்பது கிராமத்துப் பெண்களின் சங்கம். ஊருக்கு ஊர் ஒன்று, கவுண்டி அளவில் அவற்றின் கூட்டமைப்பு, எல்லாவற்றுக்கும் மேலே லண்டனில் தேசியக் கூட்டமைப்பு. 1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ச் சங்கங்கள் இருந்தன. உறுப்பினர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். மாதம் ஒரு கூட்டம். முதலில் நிர்வாகம், பிறகு யாராவது வந்து ஒரு பேச்சு அல்லது செய்முறை விளக்கம், அப்புறம் தேநீர், பாட்டு, விளையாட்டு. கட்சி அரசியலும் மதச் சண்டையும் உள்ளே வரக்கூடாது என்பது விதி. கவுண்டிக் கூட்டமைப்பில் சம்பளம் வாங்காத அமைப்பாளர்கள் சிலர் இருப்பார்கள். ஊர் ஊராகப் போய்ப் புதுச் சங்கம் தொடங்கி வைப்பது, கூட்டம் நடத்தக் கற்றுக்கொடுப்பது, சண்டை வந்தால் தீர்த்து வைப்பது எல்லாம் அவர்கள் வேலை.

இந்த யோசனை கனடாவிலிருந்து வந்தது. ஒன்டாரியோவில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்பவரின் கைக்குழந்தை இறந்துபோனது. கெட்டுப்போன பால்தான் காரணம் என்று அவர் நம்பினார். கிராமத்துப் பெண்களுக்கு வீட்டு அறிவியல் சொல்லித்தர வேண்டும் என்று அவர் பேசப்போய், 1897-இல் ஸ்டோனி கிரீக்கில் முதல் சங்கம் உருவானது. பிரிட்டனில் முதல் சங்கம் 1915-இல், முதல் உலகப் போரின் நடுவில், வேல்ஸின் ஆங்கில்சீ தீவில் தொடங்கியது. இதே கனடா வேரிலிருந்து ஒரு கிளை நம் பக்கமும் வந்தது. யாழ்ப்பாணத் தமிழரை மணந்து இலங்கையில் குடியேறிய கனடிய மருத்துவர் மேரி ரட்ணம், 1930-இல் இதை முன்மாதிரியாக வைத்துத்தான் லங்கா மகிள சமிதியைத் தொடங்கினார். பின்னாளில் அவருக்கு மகசேசே விருதும் கிடைத்தது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

நம் பத்தாண்டுக்கு வருமுன் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: லேடி டென்மன். 1917 முதல் 1946 வரை தேசியக் கூட்டமைப்பின் தலைவர். கணவர் ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, புதுத் தலைநகரின் பெயர் கான்பெரா என்று 1913-இல் மேடையேறி அறிவித்தவர் இவர்தான். குடும்பக் கட்டுப்பாடு என்று வாய்விட்டுச் சொல்லவே கூசிய காலத்தில் அதற்கான தேசிய அமைப்புக்குத் தலைமை தாங்கியவர். ஆனால் சங்கத்துக்கு அவர் கொடுத்த பெரிய சொத்து என்று நான் நினைப்பது கூட்ட நடைமுறையை. தீர்மானம் எப்படிக் கொண்டுவருவது, திருத்தம் எப்படிச் சொல்வது, நிர்வாகக் குழுவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் அவர் கறார். தேர்தல் ரகசிய வாக்கெடுப்பில்தான் நடக்க வேண்டும்.

இதை அலட்சியமாகக் கடந்து போகாதீர்கள். ஆங்கிலக் கிராமத்தில் 'பெரிய வீட்டம்மா' என்று ஒருவர் இருப்பார். பாதி ஊர் அவர் கணவருடைய நிலத்தில் பிழைக்கும், குடியிருக்கும் வீடும் அவருடையதாகவே இருக்கும். அந்த அம்மாவுக்கு எதிரில் கை தூக்கி ஓட்டுப் போடச் சொன்னால் எந்தக் கூலிக்காரர் மனைவி மறுப்பாள்? சீட்டை மடித்துப் பெட்டியில் போடுவது என்றால் கதையே வேறு. இங்கிலாந்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை வந்ததே 1918-இல்தான், அதுவும் நிபந்தனைகளோடு. ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928-இல் வந்தது. பல கிராமத்துப் பெண்கள் வாழ்க்கையில் முதன்முதலாக ஓட்டுப் போட்டது சங்கக் கூட்டத்தில்தான். பெரிய வீட்டம்மாக்களே திரும்பத் திரும்பத் தலைவரான ஊர்கள் நிறைய என்பதும் உண்மை. கவுண்டி நிர்வாகக் குழுக்களில் பிரபுக்களின் மனைவிமார் கூட்டம் இந்தப் பத்தாண்டு முழுக்கக் குறையவில்லை. சும்மா இனிப்பாகச் சொல்லி என்ன பயன்?

சரி, 1939. போர் வரும் என்று தெரிந்ததுமே கூட்டமைப்பு ஒரு சங்கடத்தில் மாட்டியது. உறுப்பினர்களில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் இருந்தார்கள். போரில் எந்த விதத்திலும் பங்கெடுக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அதனால் சங்கம் என்ற பெயரில் நேரடிப் போர்ப் பணியில் இறங்குவதில்லை, உணவு உற்பத்தியும் ஊர் நலமும் மட்டும் பார்ப்போம், மற்றதில் சேர விரும்புகிறவர்கள் தனித்தனியாகச் சேரலாம் என்று கோடு போட்டார்கள். வான்தாக்குதல் முன்னெச்சரிக்கைக்காக 1938-இல் லேடி ரெடிங் தொடங்கியிருந்த தொண்டர் படை அந்த வேலைகளை எடுத்துக்கொண்டது. நடைமுறையில் பல ஊர்களில் இரண்டிலும் அதே பெண்கள்தான்! பண்ணை வேலைக்குப் பெண்களைச் சேர்த்த பெண்கள் நிலப்படைக்கு லேடி டென்மனே இயக்குநரானார். சசெக்ஸில் பால்கம் என்ற ஊரிலிருந்த அவருடைய வீடே அந்தப் படையின் தலைமையகமானது.

1939 செப்டம்பரின் முதல் சில நாள்களில் நகரங்களிலிருந்து குழந்தைகளும் தாய்மாருமாகப் பதினைந்து லட்சம் பேர் அளவில் கிராமங்களுக்கு வந்து இறங்கினார்கள். ஒரு பிள்ளையை ஏற்றால் வாரத்துக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ், ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு எட்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் அரசு கொடுத்தது. லண்டன் சேரிப் பகுதிகளிலிருந்தும் லிவர்பூலிலிருந்தும் வந்த பிள்ளைகளில் பலருக்குத் தலை நிறையப் பேன், தோலில் சொறி. சிலருக்கு மாற்றுடை கிடையாது. ராத்திரி படுக்கை நனைந்தது. ஊர்ப் பெண்கள் முகம் சுளித்தார்கள், புலம்பினார்கள். இதுவரை சொன்னது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.

அதற்கடுத்து நடந்தது அவ்வளவு சாதாரணமில்லை. தேசியக் கூட்டமைப்பு ஒரு கேள்வித்தாள் தயாரித்து, கவுண்டிகள் வழியாக ஊர்களுக்கு அனுப்பியது. 1,700 சங்கங்கள் பதில் எழுதின. அதைத் தொகுத்து, கிராமத்துக் கண்ணில் நகரத்துக் குழந்தைகள் என்ற பொருள்படும் தலைப்பில் 1940-இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். அதில் தாய்மாரைக் குறைசொல்லும் தொனி இருக்கிறது. படித்தால் எரிச்சல் வரும். ஆனாலும் பள்ளி மருத்துவப் பரிசோதனை என்று ஏட்டில் இருந்தது எவ்வளவு பொத்தல் என்பதை, பிள்ளையின் தலையை வாரிவிட்டவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது. புலம்பலைக் கேள்வித்தாளில் பிடித்து மேலே அனுப்ப முடியும் என்பதைக் கூட்டமைப்பு இங்கே கற்றுக்கொண்டது. இன்னொரு தமாஷும் உண்டு. பாதுகாப்பான இடம் என்று பிள்ளைகள் அனுப்பப்பட்ட சசெக்ஸ், கென்ட் கடலோரம் 1940 கோடையில் பிரான்ஸ் விழுந்ததும் போர்முனையாகிவிட்டது. பிள்ளைகளை மறுபடி மூட்டை கட்டி வேல்ஸ் போன்ற இடங்களுக்கு ரயிலேற்ற வேண்டியதாயிற்று.

இப்போது ஜாம். 1940 ஜனவரியில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் பிளம்ஸ், ஆப்பிள், கருநாவல் போன்ற பெர்ரிகள் வழக்கம்போலக் காய்த்துக் கொட்டின. சர்க்கரை இல்லாமல் அவற்றை என்ன செய்வது? தேசியக் கூட்டமைப்பின் செயலாளர் பிரான்சஸ் ஃபேரர் உணவு அமைச்சகத்தோடு பேசிச் சர்க்கரை வாங்கினார். அதைக் கவுண்டிகளுக்குப் பிரித்து, கவுண்டிகள் ஊர்களுக்குப் பிரித்தன. ஊர் மண்டபம், பண்ணை வீட்டு அடுக்களை, கொட்டகை என்று கிடைத்த இடத்திலெல்லாம் பழப் பதனிடும் மையங்கள் முளைத்தன. அமெரிக்கப் பெண்கள் அமைப்புகள் கையால் சுற்றி டின் மூடும் கருவிகளை அனுப்பிவைத்தன.

ஒரு மையத்துக்குள் எட்டிப் பார்ப்போம். காலையில் பழக்கூடைகள் வரும். நிறுத்து, பேரேட்டில் பெயரும் எடையும் எழுதி, எடைக்குக் காசு கொடுக்க வேண்டும். தோட்டக்காரர் பக்கத்து வீட்டுக்காரரே ஆனாலும் இதுதான் முறை. அழுகியதைத் தள்ளிக் காம்பு கிள்ளி, பெரிய பாத்திரத்தில் ஏற்றுவார்கள். பல இடங்களில் மண்ணெண்ணெய் அடுப்புதான். சர்க்கரை பூட்டிய அலமாரியிலிருந்து அளந்து வரும், ஒவ்வொரு அவுன்சுக்கும் கணக்கு உண்டு. கொதி வந்ததும் குளிர்ந்த சாசரில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்ப்பார்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது. நம் வீட்டில் பாகு பதம் பார்ப்பது மாதிரிதான். சூட்டோடு சூடாகப் போத்தலில் கழுத்து வரை ஊற்றி, மெழுகுத் தாள் வட்டம் வைத்து மூடி, பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். போத்தலுக்கு வேறு தட்டுப்பாடு. வீடு வீடாகக் காலிப் போத்தல் கேட்டு அலைய வேண்டும். அப்புறம் ஆய்வாளர் வந்து பார்ப்பார். சர்க்கரை விகிதம் குறைந்தால் ஜாம் பூசணம் பிடிக்கும் என்பதால் அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

1941 மார்ச்சில் ஜாமுக்கும் ரேஷன் வந்தது. மையத்தில் காய்ச்சிய ஜாம் கடைகளுக்குப் போய்ப் பொது ரேஷனில் சேர்ந்தது. மணிக்கணக்கில் அடுப்படியில் வெந்த பெண், தன் கையால் காய்ச்சிய ஜாமில் ஒரு போத்தலைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ரேஷன் புத்தகத்தை நீட்டிக் கடையில்தான் வாங்க வேண்டும். இதற்கு முணுமுணுப்பு இல்லாமல் இருக்குமா? இருந்தது. என்றாலும் மையங்கள் போர் முழுக்க நடந்தன. 1940 முதல் 1945 வரை 5,300 டன்னுக்கு மேல் பழம் பதனிடப்பட்டது. ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் பவுண்டு எடை. நாட்டின் மொத்தச் சாப்பாட்டுக் கணக்கில் இது பெரிய பங்கல்ல. ஜாம்தான் பிரிட்டனைக் காப்பாற்றியது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். என் பார்வையில் இதன் பலன் வேறு. அரசின் சரக்கை வாங்கி, ஆயிரக்கணக்கான ஊர்களுக்குப் பங்கிட்டு, திருட்டுப் பேச்சு வராமல் கணக்குக் கொடுக்கத் தெரிந்த ஓர் அமைப்பு இருக்கிறது என்று லண்டன் அதிகாரிகள் புரிந்துகொண்டார்கள். அந்த நம்பிக்கை சீக்கிரமே கைகொடுத்தது.

மற்ற போர்க்கால வேலைகளை ஓட்டமாகச் சொல்கிறேன். வைட்டமின் சி பாகுக்காகக் காட்டு ரோஜாக் காய் பறித்தது, மருந்துக்காக மூலிகை சேகரித்தது, ரஷ்யாவுக்கு அனுப்ப முயல் தோல் தைத்தது, வயல் வேலைக்காரர்களுக்கு இறைச்சி அடைத்த 'பை' என்ற பலகாரம் விற்றது. கம்பளி பின்னியதைக் கேட்கவே வேண்டாம். குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் வெளிச்சத்தை மறைத்த இருட்டடிப்பு காரணமாகக் கூட்டங்களைப் பகலுக்கு மாற்றினார்கள். மண்டபத்தை ராணுவம் எடுத்துக்கொண்ட ஊர்களில் யார் வீட்டுக் கூடத்திலாவது கூடினார்கள்.

என்னைக் கேட்டால் இந்தப் பத்தாண்டின் உச்சம் 1944-இல் வெளிவந்த தண்ணீர் ஆய்வு. ஜாம் வழியாக அரசு இந்தப் பெண்களைப் பயன்படுத்திக்கொண்டது என்றால், தண்ணீர் விஷயத்தில் இவர்கள் அரசைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அன்றைய ஆங்கிலக் கிராமத்தைப் படத்தில் பார்த்தால் ஓலைக் கூரையும் ரோஜாக் கொடியுமாக இருக்கும். உள்ளே குழாய் இருக்காது. தெருக்கோடிப் பம்பிலோ கிணற்றிலோ வாளியில் எடுத்துச் சுமக்க வேண்டும், கோடையில் அதுவும் வற்றும். கழிப்பறை என்பது தோட்டத்து மூலையில் வாளியோ மண் குழியோ. துணி துவைக்கும் நாளில் எத்தனை வாளி என்று நினைத்துப் பாருங்கள். நகரத்துப் பிள்ளைகள் அசுத்தம் என்று கிராமத்தவர் சொன்னது போலவே, லண்டனிலிருந்து வந்த தாய்மாரும் குழாயில்லாத கிராமத்தைப் பார்த்து அசந்துதான் போனார்கள். அந்தக் கதையை அறிக்கைகள் அவ்வளவாகப் பேசுவதில்லை!

மறுபடியும் கேள்வித்தாள். ஊரில் குழாய்த் தண்ணீர் உண்டா, இல்லையென்றால் எவ்வளவு தூரம் சுமக்கிறீர்கள், சாக்கடை உண்டா, பள்ளிக்கூடத்தில் கழிப்பறை எப்படி? கவுண்டிகள் வழியாக 3,500 ஊர்களிலிருந்து பதில் வந்தது. கவுண்டிக் கூட்டமைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். லண்டன் அலுவலகம் நேரடியாக அத்தனை ஊரையும் துரத்த முடியாது. ஊர்ச் சங்கம் தனியாகக் கத்தினால் வட்டார மன்றத்தின் கதவுகூடத் திறக்காது. அந்த ஊர்களுக்குப் போய்வந்து, செயலாளர்களின் பெயர் தெரிந்து, பதில் வராத இடத்துக்கு இன்னொரு கடிதம் போடக்கூடிய நடுப்படி ஒன்று வேண்டும். தண்ணீர் சுமப்பவர் பெரும்பாலும் பெண், குழாய் போடலாமா என்று முடிவுசெய்யும் மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஆண், வரி கூடுமே என்று அவர் தயங்குவார். இந்த இடைவெளியைத்தான் ஆய்வு வெளிச்சம் போட்டுக் காட்டியது.

அதே 1944-இல் கிராமப்புறத் தண்ணீர், சாக்கடைச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாக 1.5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். ஆய்வுதான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அரசு தானாகவும் அந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் எந்த ஊர், எந்தப் பள்ளி என்று பெயர் சொல்லி நெருக்குவதற்குச் சங்கங்களின் கையில் ஆதாரம் இருந்தது. பல ஊர்களில் குழாய் வந்துசேர 1950-களும் ஆயின.

போர் தொடங்கியபின் பொதுக்குழு 1943-இல்தான் கூடியது. அதில் சம வேலைக்குச் சம ஊதியம் என்று தீர்மானம் போட்டார்கள். ஜாம் சங்கம் என்று சிரித்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் சங்கம் பாடும் ஜெருசலேம் பாட்டின் பூர்வீகம் தெரிந்தவர்களுக்கு வியப்பிருக்காது. அதற்கு இசையமைத்தவர் உரிமையை வாக்குரிமைக்குப் போராடிய பெண்களிடம் கொடுத்திருந்தார். அவர்கள் வேலை முடிந்த 1928-இல் அது இந்தச் சங்கத்துக்கு வந்தது. லேடி டென்மனும் சும்மா இருக்கவில்லை. போர் முடிவில் மற்றப் படைகளின் பெண்களுக்குக் கிடைக்கும் பணிக்கொடை நிலப்படைப் பெண்களுக்குக் கிடையாது என்று அரசு சொன்னதும், 1945 பிப்ரவரியில் அதன் இயக்குநர் பதவியைத் தூக்கி எறிந்தார்.

போருக்குப் பின் ரேஷன் நின்றுவிடவில்லை. 1954 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. ஆனால் மனம் வேறு பக்கம் திரும்பியது. கிராமத்துப் பெண்கள் சில நாள் தங்கிப் படிக்க ஒரு கல்லூரி வேண்டும் என்று 1945 பொதுக்குழு முடிவெடுத்தது. ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே மார்ச்சம் என்ற ஊரில் ஒரு பெரிய மாளிகையை வாங்கினார்கள். கார்னகி அறக்கட்டளை கொஞ்சம் கொடுத்தது, மிச்சத்துக்கு ஊர்ச் சங்கங்களே விற்பனை, விருந்து, நாடகம் நடத்திப் பணம் சேர்த்தன. அறைகளுக்கு மேசை நாற்காலி, திரை, படுக்கை விரிப்பு போடும் பொறுப்பைக் கவுண்டிக் கூட்டமைப்புகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. மரச்சாமானும் துணியும் கூப்பனில் கிடைத்த காலம். ஒவ்வொரு கவுண்டியும் தன் அறை சோடை போகக்கூடாது என்று பின்னியும் தைத்தும் அனுப்பியது. அறைக்கு அந்தந்தக் கவுண்டியின் பெயர்.

1948 செப்டம்பரில் டென்மன் கல்லூரி என்ற பெயரில் திறந்தார்கள். முதல் பொறுப்பாளர் எலிசபெத் கிறிஸ்மஸ். சமையல், கைவேலை மட்டுமல்லாமல் இசை, இலக்கியம், பொது விவகாரம் என்று சில நாள் வகுப்புகள். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு ராத்திரிகூட வீட்டை விட்டுத் தனியாகத் தங்காத பெண்களெல்லாம் வந்தார்கள். வேறு யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டதைத்தான் அவர்களில் பலர் முதலில் நினைவுகூர்ந்தார்கள். எனக்கு அது வகுப்புகளைவிட முக்கியமாகப் படுகிறது. லேடி டென்மன் 1946-லேயே தலைவர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றிருந்தார், அவருக்குப் பின் லேடி ஆல்பெமார்ல் வந்தார். 1950-களின் முற்பாதியில் உறுப்பினர் எண்ணிக்கை நாலரை லட்சத்தைத் தாண்டியது. கல்லூரி அதற்கப்புறமும் எழுபது வருஷத்துக்கு மேல் ஓடி, கொரோனா வந்த 2020-இல் செலவு கட்டுப்படியாகாமல் மூடப்பட்டது.